பெரியம்மாவின் குச்சிக்கிழங்குக் காடு

ஜவ்வரிசி எந்த மரத்தில் காய்க்கிறது என்று என் பெண் ஒரு நாள் கேட்டாள். பாயசத்துக்கு நெய் விட்டுக் கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது காய்ப்பதல்ல, மரவள்ளிக் கிழங்கின் மாவை உருட்டி வறுப்பது. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.

எடப்பாடிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, செடியையே அவளுக்குக் காட்டினேன். பாதிச் செடிகளில் இலை கோணிச் சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"தேமல் நோய், கண்ணு. கிழங்கு சிறுத்துப் போகும். இதை நம்பித்தான் பேத்தி காலேஜுக்குப் பணம் கட்டணும்" என்றார் பெரியம்மா.

நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. செடியால் எழுந்து ஓட முடியுமா? நின்ற இடத்திலேயேதான் சமாளிக்க வேண்டும். அதற்கான வித்தையெல்லாம் அதன் மரபணுக்களில் இருக்கிறது. நம் சமையலறை அலமாரி மாதிரிதான். பாத்திரங்கள் எல்லாம் இருக்கும். வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுப்போம். மழை பொய்த்தால் சில மரபணுக்கள் விழித்துக் கொள்கின்றன; இலையின் நுண்துளைகள் மூடுகின்றன; செடி இலையை உதிர்த்து நீரை மிச்சம் பிடிக்கிறது. கிருமி நுழைந்தாலோ வேறு சில விழித்து, அதன் செய்திகளைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகின்றன. ஆனால் கிருமியும் லேசுப்பட்டதல்ல. அந்தக் கத்தியையே மழுங்கடிக்கப் பார்க்கும்.

இன்னொரு வேடிக்கை! இந்தத் திருடன் வரும்போது அம்மி கொண்டு வருவதில்லை. தன்னைப் பெருக்கிக் கொள்ள நம் வீட்டு அம்மியையே உபயோகிக்கிறான். அதாவது, செடி தன் மரபுப் பொருளைப் பிரதி எடுக்க வைத்திருக்கும் கருவியைத்தான் கிருமியும் நம்பியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் சில நாட்டு ரக மரவள்ளிகள் நோய்க்கு மசியாததன் ரகசியம் 2022-ல் வெளியாயிற்று. அந்தக் கருவிக்கான ஒரே மரபணுவில் சின்னஞ்சிறு மாறுதல். செடியின் வேலை நடக்கிறது, திருடனுக்கு மட்டும் அம்மி ஒத்துழைப்பதில்லை! நம் நாட்டிலும் திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம், தேமலைத் தாங்கும் 'ஸ்ரீ ரக்ஷா' என்ற ரகத்தைத் தந்திருக்கிறது.

"நடுகுச்சி எங்கே வாங்கினீர்கள், பெரியம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கறதா? வருஷா வருஷம் நம்ம காட்டுக் குச்சிதானே!"

அங்கேதான் சங்கடம். மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சியை நறுக்கி நடுகிறார்கள். நோயாளிச் செடியின் குச்சியோடு கிருமியும் அடுத்த வருஷத்துக்குக் குடிவந்துவிடும். அறுவடைக்குள் இலைகள் பெரும்பாலும் கொட்டிவிடுவதால், எது நல்ல செடி என்று அப்போது தெரிவதுமில்லை.

பெரியம்மா சற்று யோசித்தார். பழம்புடவை ஒன்றை நாடா நாடாகக் கிழித்தார். தேமல் இல்லாத செடிகளுக்கு மட்டும் என் பெண் ஓடி ஓடிக் கட்டினாள். அடுத்த நடவுக்கு அவற்றின் குச்சிதான். வெள்ளை ஈ மறுபடி வரலாம். ஆகவே ஒரு மூலையில் புது ரகத்தையும் நட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஊர் திரும்பிப் பாயசம் வைத்தேன். "இது நாடா கட்டின செடியா, அம்மா?" என்றாள் என் பெண்.