கரித்தட்டும் மலை ஜீப்பும்

சென்ற மாதம் ஒரு மாலை விடுதி முற்றத்தில் பெரும் வாதம் நடந்தது. வாதத்தின் பொருள் தேர்வுமன்று, தேர்தலுமன்று. ஒரு மோட்டார் வண்டியின் பிரேக்கு! நண்பர் ஒருவர் தம் அலைபேசியில் ஒரு காரின் படத்தைக் காட்டினார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே கட்டப்பட்டு, வேகமும் சொகுசும் ஒருங்கே அமைந்த வண்டி அது. 'கிராண்ட் டூரர்' என்று அந்த இனத்துக்குப் பெயர். அதன் சொந்தக்காரர், வண்டியோடு வந்த இரும்புத் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கார்பன் செராமிக் தட்டுகளைப் பூட்டிக்கொண்டாராம். செலவு பல லட்சம். "பிரேக்குக்கா இத்தனை பணம்?" என்றது ஒரு கட்சி. "உயிருக்கு விலை உண்டா?" என்றது மறு கட்சி. பௌதிகம் படிப்பவன் என்பதால் என்னை நடுவராக்கினார்கள். நான் ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். என் நினைவு அந்தக் காரிலே இல்லை. போடிமெட்டுச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பிலே இருந்தது. அன்று சொல்லாத தீர்ப்பை இன்று நம் மன்றத்து இதழில் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தட்டுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். மரியாதைக்குத் தக்க பொருள்தான். நறுக்கிய கரி இழைகளைப் பிசினோடு சேர்த்து அச்சிலே அழுத்தி, காற்றுப் புகாத உலையில் சுட்டால், பிசினும் கரியாகி, நுண்துளைகள் நிறைந்த தட்டு ஒன்று கிடைக்கும். சிலிக்கன் 1414 டிகிரியில் உருகும். உருகிய சிலிக்கனை அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்ளும்போது, கரியும் சிலிக்கனும் கூடிச் சிலிக்கன் கார்பைடு ஆகிறது. சாணைக்கல்லில் இருக்கிறதே, அதே பொருள்தான். எடை இரும்புத் தட்டில் ஏறக்குறையப் பாதி. இரும்புத் தட்டு களைத்துப்போகும் சூட்டிலும் இது பிடிப்பை இழப்பதில்லை. போர்ஷே கம்பெனி 2001-ஆம் ஆண்டில் தன் 911 இனத்துக் கார்களில் இதைக் கொடுக்கத் தொடங்கியது. பென்ட்லி போன்ற சொகுசு வண்டிகளுக்கும் பின்னர் வந்தது. இதன் மூத்த உறவான கார்பன்-கார்பன் கலவை அதற்கு முன்பே கான்கார்டு விமானத்தின் சக்கரங்களில் இருந்தது. 1989-இல் நம் நாடு ஏவிய அக்கினி ஏவுகணை, வளிமண்டலத்தில் திரும்ப நுழைகையில் எரிந்துபோகாமல் காத்ததும் கார்பன்-கார்பன் கவசமே. ஆகவே இது பணக்காரர் விளையாட்டு என்று எள்ளி நகையாட நான் வரவில்லை.

ஆனால் இந்தத் தட்டைப் பூட்டுவது வளையல் மாற்றுவது போன்றதன்று. அதற்கென்று தனிப் பட்டைகள் வேண்டும். தட்டு பெரிதாயின் அதைக் கவ்வும் காலிப்பரும், சில வேளை சக்கரமுமே மாறவேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது தட்டின் விளிம்பில் இடித்துவிட்டால் சில்லுப் பெயரும். தேய்மானத்தைக் கனத்தை அளந்து மட்டும் அறிய முடியாது. தட்டை நிறுத்துப் பார்க்கவேண்டும், இதற்குக் கீழே எடை குறையலாகாது என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். இத்தனையும் செய்து ஆசாமி பெறுவது என்ன? முதல் முறை பிரேக்கை மிதிக்கும்போது வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நின்றுவிடுமா? பெரும்பாலும் இல்லை. நல்ல நிலையிலுள்ள இரும்புப் பிரேக்கே டயரின் பிடிப்பை எல்லை வரை பயன்படுத்திவிடும்; அதற்கு மேல் தரையில் பிடிக்கவேண்டியது டயரின் வேலை. கரித்தட்டு வாங்கித் தருவது முதல் நிறுத்தத்தை அன்று, பத்தாவது நிறுத்தத்தை. சூடு ஏறி ஏறிப் பிரேக்கு ஓய்ந்துபோகும் வேளையில் ஓயாமல் நிற்பதே அதன் பெருமை. அதாவது, அது வேகத்துக்கு மருந்தன்று, வெப்பத்துக்கு மருந்து.

அப்படியானால் நம் பக்கத்தில் வெப்பம் எங்கே இருக்கிறது?

பென்சிலை எடுங்கள். 2300 கிலோ எடையுள்ள ஒரு சொகுசுக் கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே நிறுத்தினால் ஏறக்குறைய 80 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகும். இப்போது போடிமெட்டுக்கு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் ஏலத்தோட்டங்களில் வேலை முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கும். வெறும் ஜீப்பு 1500 கிலோ. பதினெட்டுப் பேர், ஆளுக்கு 55 கிலோ. மொத்தம் 2500 கிலோ என்போம். மேட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறக்கம் சுமார் 1000 மீட்டர். எடையை இறக்கத்தாலும் புவியீர்ப்பாலும் பெருக்கினால் 2 கோடியே 45 லட்சம் ஜூல்! அந்தச் சொகுசுக் காரை 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மூன்று முறை நிறுத்துவதற்கு ஒப்பானது நம் பூப்பாறை ஜீப்பின் ஒரு நாள் மாலைப் பயணம். எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அந்த வெப்பம் போதும். அவ்வளவும் நான்கு டிரம்களின் நாற்பது கிலோ இரும்புக்குள்ளேயே தங்கிவிடுமானால் சூடு 1300 டிகிரியைத் தாண்டும். வார்ப்பிரும்பு உருகிச் சாலையில் ஓடும்.

நல்லவேளை, அப்படித் தங்குவதில்லை. காரின் வெப்பம் சில விநாடிகளில் பிறக்கிறது; ஜீப்பின் வெப்பம் நாற்பது நிமிடத்தில் பிறக்கிறது. சராசரி 10 கிலோவாட்டு, அதாவது பத்து இஸ்திரிப் பெட்டிகள் வண்டியின் அடியில் நாற்பது நிமிடம் எரிவது போல. இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சினே விழுங்கிவிடும்; மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். ஆனால் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், அத்தனையும் பிரேக்கின் தலையில்தான். எஞ்சினையே அணைத்துவிடுகிற சூரர்களும் உண்டு. பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை எஞ்சின் ஓடினால்தான் ஊறும். இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் பாட்டனார் தேவாரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். என் தந்தையார் ஜீப்பு ஓட்டுகிறார். "ஏறுன கியருல இறங்குடா" என்பது அவர் எனக்குச் சொன்ன முதற்பாடம். அவரே ஒரு நாள் அந்தப் பாடத்தை மறந்தார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன், ஊரில் கோயில் கொடியேற்றம், பெண்களுக்கு அவசரம். முன்னிருக்கையில் அவரோடு நானும் இருந்தேன். மூன்றாம் கியரில் வண்டி இறங்கியது. வளைவுக்கு வளைவு பிரேக்கு. தேய்ந்த பட்டை எரிகிற ஒரு கசந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் அவர் மிதித்தபோது மிதி தரைவரை போய்விட்டது. சேற்றில் கால் வைத்ததுபோல் எந்த எதிர்ப்பும் இல்லை. அவர் வாய் திறக்கவில்லை. கியரை அடித்து இறக்கி, வண்டியை மலைப்பக்கத்து மண்சுவரில் உரசவிட்டு நிறுத்தினார். ஒரு அக்காவுக்குக் கை முறிந்தது. மறுபக்கம் சாய்த்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இல்லை.

வியப்பு அதன்பிறகுதான். இருபது நிமிடம் கழித்து அவர் மிதியை அழுத்தினார், கல்லைப்போல் நின்றது! ஒன்றுமே நடவாததுபோல! மறுநாள் மெக்கானிக் திரவத்தை வடித்தபோது அது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. அன்று புரியாத காரணம் பின்னர்ப் புரிந்தது. பிரேக்குத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் சாதாரணத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிதான். டாட் 4 ஆனால் 230-ம் 155-ம். ஆண்டில் பாதி மழையிலும் மஞ்சிலும் நனைகிற எங்கள் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை அழுத்தலாம், அது சக்கரத்தை அழுத்தாது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், சாட்சியமும் மறைந்துவிடும். டிரம்மும் தன் பங்குக்குச் சூட்டில் விரிந்து பட்டையை விட்டு விலகும்; ஆறியதும் சுருங்கி நல்லபிள்ளையாகிவிடும்.

'பிரேக் பெயிலியர்' என்று நாம் எளிதாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்மீது எனக்கு ஐயம் உண்டு. 2025 ஜனவரி 6-ஆம் நாள், தஞ்சைக்குச் சுற்றுலா சென்று மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசுப் பேருந்து ஒன்று குட்டிக்கானத்துக்கும் முண்டக்கயத்துக்கும் இடையே புல்லுப்பாறையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. நால்வர் மாண்டனர். பிரேக்குப் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் கூறியதாகச் செய்தி வந்தது. அந்த விபத்தின் காரணத்தைத் தீர்மானிக்க நான் யார்? ஆனால் பொதுவாக ஒன்று சொல்வேன். மலைப்பாதையில் பிரேக்கு திடீரென உடைவது அரிது. அது படிப்படியாகக் களைத்துப்போகிறது. களைப்பதற்குக் கணக்கு உண்டு; கணக்கு உண்டென்றால் முன்கூட்டியே சொல்லவும் முடியும். 'பெயிலியர்' என்ற உடனே அது விதியாகிவிடுகிறது. விதியை யாரும் சோதனை போடுவதில்லையே!

இனி என் தீர்ப்பு. அந்தக் காரின் சொந்தக்காரர் தம் பணத்தைத் தாம் விரும்பியபடி செலவிடட்டும். எங்கள் ஜீப்புக்குக் கரித்தட்டு வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தத் தட்டின் பின்னால் இருக்கிற அக்கறையை, வெப்பம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த அந்த அக்கறையைக் கேட்கிறேன். அதற்குப் பல லட்சம் வேண்டாம். பருவமழை முடிந்ததும் திரவத்தை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். பத்துப் பேருக்கான வண்டியில் பத்துப் பேர் ஏறினால் 440 கிலோ குறைகிறது. அதுவே 43 லட்சம் ஜூல். எல்லைச் சாவடிகளில் வண்டிகள் எப்படியும் நிற்கின்றன; அந்த இரண்டு நிமிடத்தில் தலையை எண்ணி, மிதியை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் யாருக்கு என்ன நட்டம்? மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். மனிதரை ஏற்றிய வண்டியின் பிரேக்கைப் பற்றி எப்போது படிக்கப்போகிறோம்?

"ஆளைக் குறைத்தால் ஓட்டுநருக்குக் கட்டுமா?" என்று வினவலாம். நியாயமான கேள்வி, என் வீட்டு அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில்தான். தலைக்கு இத்தனை என்று கூலி பேசும்வரை தலைகள் கூடிக்கொண்டேதான் போகும். ஏற்றக்கூடாது என்று ஓட்டுநரை மட்டும் தண்டிப்பது எளிது. எண்ணிக்கை பார்க்காமல் வண்டிக்கு வாடகை தரவேண்டியவர் தோட்டத்துக்காரர். வேலை நேரத்தை ஒட்டி ஒரு பேருந்து விடவேண்டியவை இரு அரசுகள். விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு புறப்படும் அந்தப் பெண்களுக்கு, இந்த ஜீப்பை விட்டால் அடுத்தது எது என்று தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. போடிமெட்டு–மூணாறு சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், மகிழ்ச்சி. சுற்றுலாக் கார்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. அகன்ற சாலையில் வேகம்தான் கூடும். மலையின் உயரம் ஒரு முழமும் குறையாது. பாலக்காட்டு நண்பர்கள், தங்கள் ஊர் கணவாய்ச் சமவெளி என்று நிம்மதி கொள்ளவேண்டாம். போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதிக்கு ஏறி இறங்கும் வண்டிகளுக்கும் இதே பெருக்கல்தான். அங்கும் தோட்ட வரிசைகளில் நம்மவர் உண்டு.

என் தந்தையார் இப்போது பாதி இறக்கத்தில், ஊற்று விழும் ஒரு வளைவில், பதினைந்து நிமிடம் வண்டியை நிறுத்துகிறார். "இன்னிக்கும் நிப்பாட்டிட்டீகளாண்ணே? வீட்டுல உலை வைக்கணும்ல" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவர் பதில் சொல்லமாட்டார். டிரம்முக்கு அருகே புறங்கையை நீட்டிப் பார்ப்பார். அவருடைய வெப்பமானி அதுதான்.

வரும் விடுமுறையில் அந்த வளைவில் நான் வேறொரு வெப்பமானியுடன் நிற்கப்போகிறேன். அகச்சிவப்புக் கருவி, கொரோனாக் காலத்தில் நம் நெற்றியில் நீட்டினார்களே, அதனுடைய அண்ணன். தம்பி காய்ச்சலைத்தான் அளப்பான், அண்ணன் பல நூறு டிகிரி அளப்பான். பளபளக்கும் இரும்பில் தவறாகக் காட்டும் என்பதால் டிரம்மில் ஒரு விரலளவு கறுப்பு வர்ணம் பூசவேண்டும். ஓட்டுநர்களிடம் அதற்கு நானே பேசிக்கொள்கிறேன். எந்த வண்டி, எத்தனை பேர், எந்தக் கியர், எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் எழுதவேண்டும். தனியாளால் முடியாது, நால்வர் வேண்டும். அறிவியல் படிப்பவராய் இருக்கவேண்டும் என்பதில்லை. எண் எழுதத் தெரிந்தால் போதும். தங்க என் வீடு இருக்கிறது. சோறும் குழம்பும் அம்மா பொறுப்பு. வர விரும்புவோர் இந்த மாத இறுதிக்குள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். அந்தக் காரின் படத்தைக் காட்டிய நண்பர் பெயர் கொடுத்துவிட்டார்.