கையில விருது வந்தாச்சு, இன்க்ரிமென்ட் வந்துச்சா?

ஆபீஸ்ல 'பெஸ்ட் பெர்ஃபார்மர்' விருது வாங்கி லிங்க்ட்இன்ல போட்டோ போட்டவங்களுக்கு முதல்ல வாழ்த்துகள். அடுத்து ஒரே ஒரு கேள்வி. அந்த வருஷம் உங்க இன்க்ரிமென்ட் எத்தனை சதவீதம்?

பல பேர்கிட்ட இதுக்குப் பதில் இல்லை. அதனால ஒரு கிரிக்கெட் கணக்கு சொல்றேன்.

ஐபிஎல்ல ஒவ்வொரு சீசனும் அதிக ரன் எடுக்கிறவருக்கு ஆரஞ்சு கேப். 2025-ல அதை வாங்கினவர் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன், 759 ரன். எங்க ஏரியா பேர்ல இருக்கிற ஆழ்வார்பேட்டை சிசி அணிக்காக 2019-20 லீக்ல 635 ரன் குவிச்சவர். ஆரஞ்சு கேப்புக்கான பரிசுத் தொகை 10 லட்சம் ரூபாய்.

ஆனா அதே சீசனுக்கு குஜராத் டைட்டன்ஸ் அவருக்குத் தந்த சம்பளம் 8.5 கோடி. பரிசைவிட 85 மடங்கு!

இதுல கவனிக்க வேண்டியது தேதி. 2022-ல அவரோட விலை 20 லட்சம். 2023-ல 362 ரன், 2024-ல 527 ரன். அந்த வருஷம் அக்டோபர்லயே 8.5 கோடிக்குத் தக்க வெச்சுக்கிட்டாங்க. கேப் தலையில ஏறினது 2025 ஜூன்ல. அதாவது, விருது வந்து விலை ஏறலை. விலை ஏறின பிறகுதான் விருது வந்துச்சு. மெகா ஏலத்துக்கு விட்டா வேற அணி தூக்கிடும்னு அணிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இப்போ உங்க கணக்குக்கு வருவோம். மாசம் 60,000 சம்பளம்னு வெச்சுக்கோங்க. 25,000 ரூபாய் ரொக்க விருது ஒரு தடவைதான் வரும். அதுவும் சம்பள வருமானம்தான். அரசு தர்ற சில விருதுகளுக்கு இருக்கிற வரிவிலக்கு இதுக்குக் கிடையாது. 20% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு செஸ்ஸோட சேர்த்து 5,200 ரூபாய் வரியிலேயே போயிடும்.

அதுக்குப் பதிலா 5% கூடுதல் இன்க்ரிமென்ட் கிடைச்சா? முதல் வருஷமே 36,000. அடுத்தடுத்த வருஷம் 8% உயர்வு அதுமேலயும் ஏறும். அஞ்சு வருஷத்துல வரிக்கு முன்னாடி சுமார் 2.11 லட்சம். கம்பெனிக்கு விருது ஒரு தடவைச் செலவு, இன்க்ரிமென்ட் வருஷா வருஷம் செலவு. எதை அவங்க சந்தோஷமா தருவாங்கன்னு நான் சொல்லணுமா?

விருதே வேண்டாம்னு நான் சொல்லலை. உழைப்புக்கு மரியாதை கிடைக்கிறது நல்ல விஷயம்தான். ஆனா இன்க்ரிமென்ட் இருக்க வேண்டிய இடத்துல அதை வெச்சு உங்களை வாயடைக்க விடாதீங்க. மெமென்டோவை வெச்சு இஎம்ஐ கட்ட முடியாது!

அப்ரைசலுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, விருது கடிதத்தையும், எதுக்காகத் தந்தாங்கன்ற எண்களையும் ஒரே பக்கத்துல எழுதுங்க. ரெண்டாவது, உங்க அனுபவத்துக்கு வெளியில என்ன சம்பளம் போகுதுன்னு மூணு இடத்துலயாவது விசாரிங்க. அந்தப் பேப்பரோட மேனேஜர் முன்னாடி உட்காருங்க. "போன வருஷம் நான்தான் பெஸ்ட்னு நீங்களே சொன்னீங்க, சம்பளத்துலயும் அது தெரியணும்"னு தயங்காம கேளுங்க.

கேட்டீங்களா, என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.