பற்று நோட்டின் பாடம்

மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, பெருமூச்சு விட்டபடி மலையேறும் ரயில், குன்னூரையும் வெல்லிங்டனையும் கடந்து அருவங்காட்டில் நிற்கிறது. 1899-இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908-இல் உதகை வரை நீண்டது. உல்லாசப் பயணிகள் முகிலைப் பார்க்கின்றனர். தேயிலைப் பசுமையைப் பார்க்கின்றனர். படம் பிடித்துக்கொண்டு போகின்றனர். நாம் பார்க்க அழைப்பது முகிலை அல்ல, தோழர்களே! ஒரு மளிகைக் கடையை. அதன் கல்லாப் பெட்டியருகே, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து கிடக்கும் பற்று நோட்டை!

அருவங்காட்டுக்கு வாழ்வு தந்தது வெடிமருந்துத் தொழிற்சாலை. குண்டை உந்தித் தள்ளும் 'கார்டைட்' என்ற மருந்தைச் செய்ய, வெள்ளைக்காரன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த ஆலை அது. அங்கே உழைப்பவனுக்குச் சம்பளம் மாதத்திற்கு ஒருமுறை. பசியோ நாளுக்கு மூன்றுமுறை! அந்த இடைவெளியை நிரப்பியது யார்? வங்கியா? ஜாமீன் கேட்டது. வட்டிக்கடையா? தாலியைக் கேட்டது. "எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்ற ஒரு சொல்லை ஈடாகப் பெற்று அரிசி அளந்தவர், அந்த மளிகைக் கடைக்காரர்.

அவர் பெயர் எதற்கு? நம் ஊர்கள் தோறும் அவர் இருக்கிறார். பனி விலகுமுன் கடை திறப்பார். லாரியில் சரக்கு மலையேறி வர வேண்டும். மண்சரிந்து பாதை அடைபட்டால் அன்று அவருக்குச் சரக்கில்லை. தமிழருக்குத் தமிழில், படுகருக்குப் படுக மொழியில், மலையாளிக்கு மலையாளத்தில் பதில் சொல்வார். யார் வீட்டில் பிரசவம், யார் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்பது நோட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

"கடைக்காரரும் முதலாளிதானே? கடன் கணக்கில் கூட்டி எழுதியவர் இல்லையா? எடையில் கை வைத்தவர் இல்லையா?" என்று கேட்கும் தோழர் உண்டு. இருந்தனர், மறைப்பானேன்? ஆனால் கோடி வைத்து ஊரை விலைக்கு வாங்குபவனும், 12 மணி நேரம் நின்று கால் வீங்குபவரும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கவரா?

2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாயும் 1000 ரூபாயும் செல்லாது என்றது டில்லி. நாடு வங்கி வாசலில் வரிசை கட்டியது. நோட்டு செல்லாமல் போன நாளில் செல்லுபடியானது எது? பற்று நோட்டு! 2020 மார்ச்சில் ஊரடங்கு. வீதி வெறிச்சோடிய நாட்களிலும் பருப்பும் உப்பும் தந்தது எது? பக்கத்துக் கடை!

இன்று அந்த நோட்டுக்கே ஆபத்து. பெருங்கடை மட்டுமா காரணம்? கைப்பேசி வணிகம் மட்டுமா? இல்லை. அதன் ஆணிவேர் சம்பளத்தில் இருக்கிறது!

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதிதான் கடைக்காரர் பெற்ற ஈடு. 2021 அக்டோபர் 1 அன்று, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு ஆலையும் அதில் ஒன்றின்கீழ் சென்றது. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யாதே என்று அதே ஆண்டில் சட்டமும் வந்தது. அதற்கு முன்பே, 2004 ஜனவரி முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. நிரந்தர வேலை ஒப்பந்தக் கூலியாகத் தேயும் இடத்தில், கடைக்காரர் எதை நம்பி எழுதுவார்? நாளை வேலை உண்டா என்று அறியாதவனுக்கு, நாளை தருவேன் என்று சொல்லும் உரிமையும் போய்விடுகிறதே!

ஆகவே கடைக்கார நண்பர்களுக்குச் சொல்கிறோம்: ஆலை வாயிலில் முழக்கம் கேட்டால், கதவைச் சாத்தாதீர், அது உங்கள் கல்லாவுக்காகவும் எழும் குரல். தொழிலாளத் தோழர்களுக்கும் சொல்கிறோம்: சம்பள நாளில் ரொக்கத்தோடு பெருங்கடைக்கும், கையில் காசில்லாத நாளில் அண்ணாச்சி கடைக்கும் போவது நியாயமன்று. வாங்கியதைத் தீருங்கள், தீர்த்த பின்னும் அங்கேயே வாங்குங்கள்.

உழைப்பவன் சம்பளம் உறுதியானால் நோட்டு திறந்திருக்கும். அது மூடப்பட்டால், மூடுவது ஒரு கடை மட்டுமல்ல!