எழுத்துப் பிழையா? கீபோர்டை மாற்றிப் பாருங்கள்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் குழந்தைகளுக்கு நாம் முதலில் காட்டுவது பெயிண்ட். அடுத்தது கேம்ஸ். தமிழைப் பிழையில்லாமல் எழுதப் பழகவும் அது உதவும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை, என் மகளின் நோட்டைப் பார்க்கும் வரை.

நாங்கள் இருப்பது கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சொந்த ஊரைக் 'கல்லக்குரிச்சி' என்று எழுதியிருந்தாள். சரியாக எழுதிக் காட்டி, பத்து முறை எழுதச் சொன்னேன். முதல் இரண்டு வரி சரி. மூன்றாவது வரியில் பழைய தவறு. அதற்குக் கீழே ஏழு வரியும் அந்தத் தவறின் நகல்! கை வலித்ததுதான் மிச்சம்.

பாவம், காதில் விழுவதைத்தான் அவள் எழுதுகிறாள். நம் பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. ந, ன இரண்டும் அப்படியே. ல, ள, ழ மூன்றும் பலர் வாயில் கலந்துவிடுகின்றன. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குச் சோதனை இன்னும் அதிகம். கள்ளக்குறிச்சிக்கு ள, பக்கத்தில் உள்ள கல்வராயன் மலைக்கு ல!

சரி, கம்ப்யூட்டரில் பழகட்டும் என்று உட்கார வைத்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் சாப்ட்வேரைத்தான் நான் பயன்படுத்தி வந்தேன். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தாள். 'கள்ளக்குறிச்சி' என்று பிழையில்லாமல் வந்து நின்றது. "கம்ப்யூட்டருக்கே தெரியுதே, அப்புறம் நான் எதுக்குப்பா படிக்கணும்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. ல-வா, ள-வா என்று முடிவு செய்வதுதானே எழுத்துப் பயிற்சி? அந்த முடிவைச் சாப்ட்வேரிடம் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? அவசரமாகக் கடிதம் அடிக்கும் பெரியவர்களுக்கு அந்த முறை இருக்கட்டும். எழுத்துக் கற்கும் குழந்தைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

பிறகு தமிழ் 99 கீபோர்டுக்கு மாறினோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. இடது பக்கம் உயிர் எழுத்துகள், வலது பக்கம் மெய்கள். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 கீகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். ற கீயை அடுத்து இ கீயைத் தட்டினால் றி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும். வராவிட்டால் எஃப் கீயைத் தட்டுங்கள். 'கள்ளக்குறிச்சி'க்கு 11 தட்டு போதும். ல 'என்' கீயில், ள 'ஒய்' கீயில். எதைத் தட்டுவது என்று குழந்தையே யோசித்தாக வேண்டும். யோசிக்கும் அந்த ஒரு நொடிதான் பாடம்.

இ-கலப்பை போன்ற இலவச சாப்ட்வேர்களில் தமிழ் 99 இருக்கிறது. விண்டோஸ் 11-லும் மொழி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, இந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் எழுத்துகளைச் சின்னக் காகிதத்தில் எழுதிக் கீகளின் மேல் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியதே மகள்தான். பாதி கீ அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

இனி விளையாட்டு. நோட்பேடைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பஸ் போர்டு. நான் கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயரைக் கூவுவேன், அவள் போர்டு எழுத வேண்டும். சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, வெள்ளிமலை. பிழை இருந்தால் பஸ் கிளம்பாது!

இரண்டாவது, அப்பாவுக்கு மார்க். அவள் சொல்வாள், நான் வேண்டுமென்றே இரண்டு பிழையோடு அடிப்பேன். கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அவளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்றாவது, பிழைப் படம். 'பல்லிக்குப் போனேன்' என்று ஒருநாள் அடித்துவிட்டாள். திட்டவில்லை. "பெயிண்டில் அதை வரைந்து காட்டு" என்றேன். புத்தகப் பை மாட்டிய பல்லி ஒன்றை வரைந்துவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு பள்ளியில் ள தவறியதே இல்லை. அரை-அறை, மனம்-மணம், கரி-கறி என்று படம் வரையத் தமிழில் சொற்களுக்கா பஞ்சம்?

ஒன்று நினைவில் இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பரீட்சை பேப்பரில்தான் நடக்கிறது. அதனால் அன்று டைப் செய்த ஐந்து சொற்களை நோட்டிலும் ஒரே ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். குழந்தையைத் தனியே விட்டால் இதுவும் இன்னொரு இம்போசிஷன் ஆகிவிடும்.

போன வாரம் மகளின் நோட்டைப் புரட்டினேன். முகவரியில் 'கள்ளக்குறிச்சி' சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் பையோடு ஒரு பல்லியும் இருந்தது. இன்று மாலையே உங்கள் ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கிப் பாருங்களேன்!