வண்டி தூங்கலாம், நம்பர் தூங்கலாமா?

திருவேங்கடத்தில் எனக்கு ஒரு மாமா இருந்தார். அவருடைய பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "எழுபது எழுபது வந்தாரா?" என்று கேட்டால் போதும். "இப்போதுதான் சங்கரன்கோவில் ரோட்டில் போனார்" என்று பதில் வரும்.

7070 என்பது அவருடைய வண்டியின் நம்பர். பழைய டி.வி.எஸ். வண்டி. முன்னால் பருத்தி மூட்டை; பின்னால் அத்தை. கரிசல் காட்டில் அந்த வண்டி போகாத பாதை கிடையாது.

அத்தைக்கு அப்போது எழுத்துத் தெரியாது. ஆனால் சந்தையில் நூறு வண்டிகள் நின்றாலும் தன் வீட்டு வண்டியைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் முதன் முதலாகப் படித்தது அந்த நான்கு எண்களைத்தான்!

மாமா காலமானார். வண்டி கொட்டகைக்குப் போயிற்று. அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார்கள். அதில் கோழி ஏறி உட்கார்ந்தது.

சென்ற வருஷம் மாமாவின் மகன் ஒரு கார் வாங்கினான். "அப்பாவின் நம்பரையே காருக்குப் போட்டால் என்ன?" என்று அவனுக்கு ஓர் ஆசை. அத்தைக்கும் சந்தோஷம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் விசாரித்தான்.

"அந்த நம்பர் உங்கள் அப்பாவுடையது அல்ல. அந்த வண்டியுடையது" என்று பதில் கிடைத்தது.

அதோடு இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வண்டியின் பதிவுக் காலமே முடிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் மாமாவின் பெயர்தான் இருக்கிறது!

தப்பு யாருடையது? எங்களுடையதுதான். வண்டியை மூடி வைத்தோம். காகிதத்தையும் சேர்த்து மூடி வைத்துவிட்டோம்.

யாருக்குச் சொந்தம்?

இந்த விஷயத்தில் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். "என் வண்டி, என் நம்பர்" என்று சொல்லுகிறோம். வண்டி நம்முடையது, சந்தேகம் இல்லை. நம்பர்?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 1989 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 41-வது பிரிவில் இதற்கு விடை இருக்கிறது. பதிவு அதிகாரி அடையாள எண்ணைக் கொடுப்பது வண்டிக்கு. வண்டியின் சொந்தக்காரருக்கு அல்ல. நீங்கள் வண்டியை விற்றால், நம்பரும் அதனோடு போய்விடுகிறது. வண்டியை உடைத்துவிட்டால், நம்பரும் முடிந்தது.

குஜராத் போன்ற சில மாநிலங்கள் இதற்கு ஒரு வழி செய்திருக்கின்றன. அங்கே பழைய வண்டியின் நம்பரை, கட்டணம் கட்டி, புது வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் ஆசைப்பட்ட நம்பரைப் பணம் கட்டி வாங்கலாம். ஆனால் அது புது வரிசையில் உள்ள நம்பர். கடைசி நான்கு எண்கள் அதேதான். முன்னால் உள்ள எழுத்துகள் வேறு. அப்படி ஒரு 7070 வாங்கலாமா என்று மகன் கேட்டான்.

அத்தை சொன்னார்: "அது வேற எழுபது எழுபதுய்யா. அப்பாவோடது இல்ல."

அதற்கு மேல் அவன் பேசவில்லை.

71 ஆயிரம் வண்டி. 15 லட்சம் நம்பர்!

நம்பர் மீது ஆசை வைப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

2022-ல் சண்டிகரில் ஒருவர் 0001 என்ற நம்பரை ஏலத்தில் எடுத்தார். விலை 15 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். எந்தக் காருக்கு என்று கேட்கிறீர்களா? காருக்கு அல்ல. சுமார் 71 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கு!

2025 ஏப்ரலில் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், எர்ணாகுளத்தில், 0007 என்ற நம்பர் சுமார் 46 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. துபாய் சேதி இன்னும் பெரிது. 2023-ல் அங்கே 'பி 7' என்ற நம்பரை 5 கோடியே 50 லட்சம் திர்ஹாமுக்கு ஒருவர் எடுத்தார். நம் பணத்தில் நூறு கோடிக்கு மேல். அந்த ஏலப் பணம் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் தர்மத்துக்குப் போயிற்று என்பது ஓர் ஆறுதல்.

நான் இவர்களைப் பற்றி எழுத வரவில்லை. அவர்களுக்கு வக்கீல் இருப்பார், கணக்குப்பிள்ளை இருப்பார். திருவேங்கடத்திலும் குருவிகுளத்திலும் கொட்டகையில் நிற்கிறதே, அப்பாவின் மொபெட், தாத்தாவின் புல்லட், அதன் நம்பரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மாதம் 300

தனியார் உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

2021 அக்டோபரில் மத்திய அரசு இதற்குப் புதுக் கட்டணம் அறிவித்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. இரு சக்கர வண்டியைப் புதுப்பிக்க 1,000 ரூபாய். காருக்கு 5,000. 2025 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம். வண்டிக்கு 20 வயது தாண்டிவிட்டால் 2,000 ரூபாய், காருக்கு 10,000.

இது இருக்கட்டும். பழைய வண்டி புகை கக்குகிறது. கட்டணத்தை உயர்த்தினால்தான் மக்கள் விடுவார்கள் என்று அரசாங்கம் நினைக்கிறது. அதில் நியாயம் உண்டு.

ஆனால், அதே 2021 விதியில் தாமதக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. புதுப்பிக்கத் தவறினால், இரு சக்கர வண்டிக்கு மாதம் 300 ரூபாய். காருக்கு மாதம் 500.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மொபெட்டை நான்கு வருஷம் கவனிக்காமல் விட்டுவிட்டால் 48 மாதம். 14,400 ரூபாய்! அந்த மொபெட்டைச் சந்தையில் விற்றால் அதில் பாதி கிடைக்குமா?

ரோட்டில் ஓடிய வண்டிக்கு அபராதம் போடுங்கள். சரி. ரோட்டையே பார்க்காத வண்டிக்கு? ஒரு சொட்டு பெட்ரோல் எரிக்கவில்லை. ஒருவர் மீதும் மோதவில்லை. கோழிக்கு ஆசனமாக இருந்தது. அதற்கும் மாதம் 300 ரூபாயா? இது நியாயம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

லண்டனில் எப்படி?

பிரிட்டனில் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1998 முதல் நடக்கிறது. "என் வண்டி ரோட்டில் ஓடாது, வீட்டில் நிற்கிறது" என்று சொந்தக்காரர் எழுதிக் கொடுக்கிறார். அதற்குக் கட்டணம் இல்லை. எழுதிக் கொடுத்த பிறகு வரி கட்ட வேண்டாம். ஆனால், அந்த வண்டியை ரோட்டில் எடுத்தால் பெரிய அபராதம்.

நம்பரையும் அங்கே காப்பாற்றலாம். 80 பவுன் கட்டி, வண்டியிலிருந்து நம்பரைக் கழற்றித் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். சான்றிதழ் 10 வருஷம் செல்லும். பழைய வண்டிக்கு வேறு நம்பர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த வண்டிக்குத் தொடர்ந்து வரி கட்டியிருக்க வேண்டும். அல்லது ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சும்மா போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து வந்து நின்றால் அங்கேயும் கிடைக்காது.

இந்த முறை நமக்கும் வேண்டும் என்கிறேன். ஒரு பக்கத்துப் படிவம் போதும். "வண்டி நிற்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் தாமதக் கட்டணம் அன்றோடு நிற்க வேண்டும். மறுபடி ஓட்டும்போது, ஆய்வு செய்து, புதுப்பிக்கும் கட்டணத்தை மட்டும் வாங்கட்டும்.

"பொய்யாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டுவார்களே" என்று கேட்கலாம். ஓட்டுவார்கள். இப்போது எழுதிக் கொடுக்காமலே ஓட்டுகிறார்கள்! சாலையில் கேமரா இருக்கிறது. குற்றாலத்துச் சீசன் கூட்டத்தில்கூட நம்பரைப் படித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு அனுப்ப முடிகிறது. பொய் சொன்னவரைப் பிடிக்க முடியாதா?

நம்பரை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றவும் வழி வேண்டும். அதுவும் ஏழை குடும்பத்துக்கு எட்டுகிற விலையில் வேண்டும். லட்சத்தில் ஏலம் போட்டால் அது நமக்காக வந்த சட்டம் அல்ல.

இரும்புக் கடை ஆபத்து

சட்டம் மாறும்போது மாறட்டும். வீட்டில் இப்போது என்ன செய்யலாம்?

வண்டிக்காரர் இறந்துவிட்டால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற மனுப் போட வேண்டும். துக்க வீட்டில் யார் இதை நினைப்பார்கள்? நாங்கள் நினைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் யாராவது ஒருவர் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். "சனியன், ஒழியட்டும்" என்று பழைய வண்டியை நம்பர் பிளேட்டோடு இரும்புக் கடையில் தள்ளிவிடுகிறார்களே, அது மிகவும் ஆபத்து. அந்தத் தகடு வேறு வண்டியில் ஏறலாம். அந்த வண்டி யார் மீதாவது மோதினால், போலீஸ் முதலில் யார் வீட்டைத் தட்டும்? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரைப் பார்த்துத்தானே வருவார்கள்!

விற்ற வண்டிக்கும் இதே கதைதான். கைமாறிக் கைமாறிப் போன ஒரு காரால் விபத்து நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2018-ல் தீர்ப்பு வந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு. "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்ற வாதம் நிற்கவில்லை.

ஆகவே உடைக்கக் கொடுத்தால், 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

தாத்தா காலத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்து, பழைய உருவமும் மாறாமல் இருந்தால், அதைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். 2021 ஜூலையில் வந்த விதி இது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பதிவு 10 வருஷம் செல்லும். ஆனால் தினமும் ஓட்டிக் கடைக்குப் போக முடியாது; கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். கட்டணமும் 20 ஆயிரம் ரூபாய்.

மாமாவின் வண்டிக்கு அந்த வயது ஆகவில்லை. ஆகவே எங்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன. உடைப்பது, அல்லது அபராதத்தோடு புதுப்பிப்பது.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினோம். "வண்டி விலையைவிட அபராதம் அதிகம்" என்று நான்தான் சொன்னேன். அத்தை உள்ளே போய், பருத்தி விற்ற பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். நிதானமாக, எழுத்து எழுத்தாக.

வண்டி இப்போது கோவில்பட்டியில் மெக்கானிக்கிடம் இருக்கிறது. கார்புரேட்டர் கிடைத்துவிட்டது. ஆய்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. புதுக் காருக்கு வேறு நம்பர்தான். கோழிக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.