டர்பன் கடற்கரையும் நம்மூர் டீக்கடையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைப் பற்றிச் சுற்றுலாக் காணொளிகள் காட்டுவது ஒரே மாதிரிதான். வெதுவெதுப்பான இந்தியப் பெருங்கடல், 'கோல்டன் மைல்' என்ற நீண்ட கடற்கரை, ஜூலு மக்களின் பாசிமணி வேலைப்பாடு, விக்டோரியா தெருச் சந்தையின் மசாலா வாசம், மாரியம்மன் கோயில் காவடி. கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்தில், மொரப்பூரில் ரயிலேறிப் போய் மெரினாவில் கால் நனைப்பதுதான் நம்மில் பலருக்கு முதல் கடல். டர்பன் எட்டாத ஊராகத் தோன்றலாம். ஆனால் நம் மாணவர்கள் அந்த ஊரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

முதல் காரணம், அங்கே போனவர்கள் நம்மவர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் ஜில்லாக்காரர்கள் அதில் இருந்தார்கள். அன்று நம் பகுதி சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம். கடல் தாண்டிய கூலிக்கும் சாதி கேட்டுத்தான் எண் போட்டார்கள்.

இரண்டாவது காரணம், அந்தக் கடற்கரை. இன்று எல்லோரும் குளிக்கும் அதே மணலில் அன்று பலகைகள் நின்றன. இந்தக் குளியல் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். 1953இல் இயற்றிய தனித்தனி வசதிகள் சட்டம் அதற்குத் துணை நின்றது. கறுப்பர்களும் இந்தியர்களும் அதற்குப் பணிந்துவிடவில்லை. 1989 செப்டம்பரில் தடையை மீறிக் கூட்டம் கூட்டமாகக் கடலில் இறங்கினார்கள். நவம்பரில் கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்படும் என்று அரசு அறிவித்தது. 1990இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. 1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி அள்ளிக் குடித்த தண்ணீரும் இதே உரிமைக்கானது.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள் தோழர்களே. அதே 1989 செப்டம்பரில்தான் இந்தியாவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே மனிதர்களைப் பிரித்து வைத்த ஒரு சட்டத்தை ஒழிக்க வேண்டியிருந்தது. இங்கே எந்தச் சட்டமும் பிரிக்கச் சொல்லவில்லை. 1950லேயே 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனாலும் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. பலகையில் எழுதிய பாகுபாட்டைப் பிடுங்கி எறியலாம். எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் பாகுபாட்டை எங்கே பிடித்துப் பிடுங்குவது? ஊர் எங்கே முடிகிறது, காலனி எங்கே தொடங்குகிறது என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் காலனிகளில் தீ வைக்க வந்தவர்களுக்கு வழிகாட்டிப் பலகை தேவைப்படவில்லை.

டர்பனின் புகழ்பெற்ற உணவு 'பனி சௌ'. ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவார்கள். 'பனியா' என்ற வணிகச் சாதிப் பெயரிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதன் பிறப்புக் கதைகளில் ஒன்று, இந்தியர் உணவகங்களுக்குள் உட்கார அனுமதிக்கப்படாத கறுப்பர்களுக்கு, தட்டு இல்லாமல் வெளியே கொடுத்தனுப்ப உருவானது என்கிறது. கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்த நம் தாத்தாக்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே யாரும் இன்னொருவரை ஒடுக்காமல் இருந்துவிடுவதில்லை. அங்கே இந்தியர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இடையே உள்ள கசப்பு 1949 கலவரத்திலும், 2021 ஜூலையில் ஃபீனிக்ஸ் பகுதியில் நடந்த கொலைகளிலும் வெளிப்பட்டது. நமக்குள் உட்சாதி பார்ப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. 2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை ஐ.நா.வின் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு டர்பனில் நடந்தது. இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்பாட்டாளர்கள் அங்கே போய்ப் பறையடித்து நியாயம் கேட்டார்கள். வேலையின் பேரிலும் பிறப்பின் பேரிலும் நடக்கும் பாகுபாட்டை அரசுகளின் பிரகடனத்தில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. சாதி வேறு, இனம் வேறு, அது இந்த மாநாட்டுக்கு உரிய விஷயமல்ல என்றது இந்திய அரசு. அந்தப் பத்தி கைவிடப்பட்டது.

1946இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோன நாடு இந்தியாதான். அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கா அப்போது பதில் சொன்னது. அந்தப் பதிலை ஏற்காத இந்தியா, 55 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டு மண்ணில், நம் விஷயத்தில் வேறு வார்த்தைகளில் அதே பதிலைத்தான் சொன்னது. இன்னொன்றும் உண்டு. ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 'பிறப்பு வழி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான். அந்தச் சொல்லில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2002இல் தெளிவாக்கியது. டர்பனில் தோற்ற வழக்கு அடுத்த ஆண்டே இன்னொரு கதவைத் திறந்தது. போனது வீண் என்று சொல்பவர்களுக்கு இதுதான் நம் பதில்.

படிக்கவோ வேலைக்கோ நம் பிள்ளைகள் நாளை டர்பனுக்குப் போகலாம். போங்கள், கடலில் குளியுங்கள். இந்த மணலில் யாரை விடவில்லை, யார் உள்ளே நுழைந்து உரிமையாக்கினார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

போகாதவர்களுக்கு இங்கேயே வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் எழுதாத பலகைகள் எத்தனை என்று எண்ணுங்கள். டீக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில் வாசல், ஏரி, சுடுகாட்டுப் பாதை. எங்கே, எந்த நாள், யார் தடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். பொதுவழி, சுடுகாடு, நீர்நிலை, வழிபாட்டிடம், கடை ஆகியவற்றில் பட்டியல் சாதியினரைத் தடுப்பதை 2015 திருத்தம் தனித்தனியாகக் குற்றமாக்கியிருக்கிறது. வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. கடமை தவறும் அதிகாரியைக் கேட்க 4ஆம் பிரிவு இருக்கிறது. 14566 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது.

டர்பன்காரர்களுக்குப் பிடுங்கப் பலகை இருந்தது. நாம் முதலில் அந்தப் பலகையை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எழுதத் தொடங்குவோம்.