கேளாச் செவிகளின் தீர்ப்பு

ஹெவி மெட்டல் என்ற சொல் காதில் விழுந்ததும் எமது இலக்கிய வட்டத்தில் இரண்டு பதில்கள் தயாராக வந்துவிடுகின்றன. மார்க்கம் பேசுவோர் 'ஹராம்' என்கின்றனர். நவீனம் பேசுவோர் 'இரைச்சல்' என்கின்றனர். மற்றெல்லா விடயங்களிலும் முரண்படும் இவ்விரு சாராரும், பாட்டைக் கேட்காமலே தீர்ப்பளிக்கலாம் என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றனர். அந்த ஒற்றுமையோடுதான் எனது சண்டை.

காங்கேசன்துறையை முன்வைத்து இதை எழுதக் காரணம் உண்டு. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும், சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்களும், துறைமுகமும், புகையிரதப் பாதையின் கடைசி நிலையமும் கொண்ட தொழிலாளர் ஊர் அது. ஹெவி மெட்டல் பிறந்ததும் அப்படியொரு ஊரில்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில், டொனி அயோமி என்ற 17 வயது இளைஞனின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் தின்றது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிட்டார்த் தந்திகளை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குக் கவசம் செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியைத் தாழ்த்தினார். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலிக்கு அந்தக் காயமும் ஒரு காரணம். இசைத்தட்டில் இடம் நிரப்ப அவசரமாக ஆக்கிய அவர்களது 'பரனொய்ட்', 1970இல் தனிப்பாடலாக வெளிவந்து பிரித்தானியப் பட்டியலில் 4ஆம் இடத்தைப் பிடித்தது.

'இரைச்சல்' என்போர் இத்தகைய தனிப்பாடல் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். பெரும்பாலும் மேளத்தையே முதலில் பதிவார்கள். இரண்டு கால்களும் மிதிகளில் ஓடும்; ஒரு தட்டுப் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து கிட்டார். ஒரே இசைத்துணுக்கை இருமுறை வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைப்பார்கள். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் ஒலி சுவர்போல எழும். குரல் பிறகு. அந்த உறுமலுக்கும் மூச்சுப் பயிற்சி வேண்டும். இல்லையேல் தொண்டை புண்ணாகும். கடைசியில் ஒலிக்கலவை. நாலு நிமிடப் பாட்டுக்குப் பின்னால் இத்தனை ஒழுங்கு. வெண்பாவில் தளை தட்டினால் உடனே கண்டுபிடிக்கும் எமது புலவர்களின் காதுக்கு இந்த ஒழுங்கு ஏன் எட்டவில்லை?

'எமது மரபல்ல' என்பது அடுத்த வாதம். தாயிராவை ஓங்கி அறைந்து பாடிய பக்கீர் பாவாக்கள் எவருடைய மரபு? ஜெய்லானியிலும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும், றிபாய் றாத்திபில் றபான் முழங்க, இரும்பு ஊசியை உடலில் ஏற்றிக்கொள்வோர் எந்த மேற்கிலிருந்து வந்தார்கள்? நாகூர் ஹனீபாவின் குரலுக்குப் பின்னால் ஒலித்த கருவிகள் அத்தனையும் அரபு நாட்டிலிருந்தா இறங்கின? சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா குழு வேதாந்தத்தையே இந்த இசையில் வைத்தது. ஒரு கலை வடிவத்துக்கு எவரும் உறுதி எழுதி வைத்திருக்கவில்லை.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது ஆலிம்களின் பணி. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் 'ஸமா' எனும் செவிமடுத்தலுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார். அவரும் எல்லாக் கருவிகளையும் ஆகுமாக்கவில்லை. ஆனால் எது, எவருக்கு, எந்நிலையில் என்று விசாரித்தார். எம்மிடம் இல்லாமற் போனது அந்த விசாரணைதான். 2012 டிசம்பரில் ஸ்ரீநகர் மேடையில் வாசித்த 'பிரகாஷ்' என்ற மாணவியர் ரொக் குழுவை நினைத்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகள்மீது வசையும் மிரட்டலும் குவிந்தன. 2013 பெப்ரவரியில் காஷ்மீரின் பெரிய முப்தி அவர்களது இசையை இஸ்லாத்துக்குப் புறம்பானது என்றார். குழு கலைந்தது. மிரட்டியவர்களுக்கு எதிராகவல்லவா முதல் பத்வா வந்திருக்க வேண்டும்?

மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் 2014இல் ஹிஜாப் அணிந்த மூன்று மாணவியர் தொடங்கிய மெட்டல் குழு 'வொய்ஸ் ஒப் பாச்செப்ரொட்'. அவர்களுக்கும் மிரட்டல் வந்தது. அவர்கள் 2021இல் ஒரு தனிப்பாடலையே பதிலாக வெளியிட்டனர். இறைவா, இசைக்க எனக்கு அனுமதி தா என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். வசைபாடியவரிடம் அவர்கள் அனுமதி கேட்கவில்லை, படைத்தவனிடம் கேட்டனர். முனாஜாத்துகளை ஓதி வளர்ந்த சமூகத்துக்கு அந்தத் தொனி விளங்காதா?

1990இல் போர் காங்கேசன்துறையை வெறுமையாக்கியது. தொழிற்சாலை நின்றது, ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. புகையிரதம் அங்கு திரும்ப 2015 ஜனவரி ஆயிற்று. அதே 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் விரட்டினர். இந்த இரு இழப்புகளையும் நாம் பெரும்பாலும் ஒப்பாரியாகவும் ஏக்கமாகவுமே எழுதினோம். கண்ணீருக்குப் பக்கம் ஒதுக்கிய எமது ஏடுகள் கோபத்தைக் கண்டதும் முகம் சுளித்தன. கோபத்துக்கும் வடிவம் வேண்டும். வடிவம் கிடைக்காத கோபம் எங்கே போகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது.

கொழும்பின் ஸ்டிக்மாட்டா குழு 2003இலேயே ஆங்கிலத்தில் தனது முதல் இறுவட்டை வெளியிட்டது. நாளை காங்கேசன்துறைத் தமிழ்ப் பிள்ளையும் புத்தளத்தில் பிறந்த யாழ்ப்பாண முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து தமிழில் ஒன்றை வெளியிடட்டும். வரிகள் மோசமா, கிழித்தெழுதுங்கள். இசை பழசா, சொல்லுங்கள். அது விமர்சனம், அதற்கு அவர்கள் நன்றி சொல்வார்கள். ஆனால் முதலில் நாலு நிமிடம் வாய்மூடிக் கேளுங்கள்.